நாற்பத்தெட்டு நாள் மாத்திரை

மருந்துக்கடைக்காரர் பெருமாள்சாமி சீட்டை மூன்று முறை படித்தார். முதல் முறை மாத்திரையின் பெயருக்காக. இரண்டாம் முறை எழுதிய மருத்துவரின் பெயருக்காக. மூன்றாம் முறை, நோயாளியின் பெயருக்கு முன்னால் என்ன போட்டிருக்கிறது என்று பார்ப்பதற்காக. ‘மிஸ்’ என்று போட்டிருந்தது.

கடையில் கூட்டம் இருக்காது என்று அனுப்பிரியா மதியம் மூன்று மணியைத் தேர்ந்தெடுத்து வந்திருந்தாள். வேலை பார்க்கும் சாயப்பட்டறை லேபில் ஒரு மணி நேரம் பர்மிஷன் சொல்லியிருந்தாள். ஆனாலும் பின்னாலேயே ஒரு பெண் வந்து நின்றாள். நாளை மறுநாள் பழனிக்குப் போகிறார்களாம், மாதத் தேதி இடிக்கிறதாம், தள்ளிப்போட மாத்திரை வேண்டுமாம். பெருமாள்சாமி சீட்டைக் கண்ணாடி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு அவளைக் கவனித்தார். ஒரு அட்டையை வெட்டிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். ஒரு நாளைக்கு மூன்று போட வேண்டும், இன்றைக்கே ஆரம்பித்துவிட வேண்டும் என்றார். சீட்டு கேட்கவில்லை. வயது கேட்கவில்லை. கல்யாணம் ஆயிற்றா என்றும் கேட்கவில்லை. அந்தப் பெண் போனபிறகு கவிழ்த்து வைத்த சீட்டை எடுத்து அனுப்பிரியாவிடம் நீட்டினார்.

“அப்பாவ வரச் சொல்லு கண்ணு. அவருகிட்டக் குடுத்தனுப்பறேன்.”

“எனக்கு இருபத்தேழு வயசுங்ணா.”

“அதனாலதான் சொல்றேன்.”

அவள் வழியெல்லாம் வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். இது மருத்துவர் எழுதியது. எனக்கு ஒரு மரபணு மாற்றம் இருக்கிறது. இது அதற்காக. மூன்று எளிய வாக்கியங்கள். ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. சீட்டை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

பெருமாள்சாமி கெட்டவர் இல்லை. அம்மா படுத்திருந்த பதினோரு மாதமும் வாந்தி மாத்திரையையும் புரதமாவு டப்பாவையும் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். நோய் வந்தபிறகு கேள்வியே கேட்காமல் கொடுத்தார். வராமல் இருக்க ஒன்றைக் கேட்டால் அப்பாவை வரச் சொல்கிறார். இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று வண்டியை எடுத்தபிறகுதான் தோன்றியது. அவளுக்கு எப்போதுமே பதில்கள் வண்டியை எடுத்தபிறகுதான் வரும்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போவதற்குள் கடையிலிருந்து அப்பாவுக்குப் போன் போய்விட்டிருந்தது. வீட்டின் கீழ்த்தளத்தில் அப்பாவின் தையல் யூனிட். பன்னிரண்டு மெஷின், குழந்தைகளுக்கான பனியன். அப்பா மகுடேஸ்வரன் கட்டிங் மேசையில் துணியை விரித்துக்கொண்டிருந்தார். அவள் மாடிப்படி ஏறுவதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, ஏற்கெனவே சரியாக இருந்த துணியின் ஓரத்தை இன்னொரு முறை இழுத்துச் சரி செய்தார்.

அன்று அவர் அவளிடம் பேசவில்லை. அத்தையிடம் பேசியிருப்பார் என்று அவளுக்குத் தெரியும்.

அம்மா இறந்தபோது நாற்பத்தாறு வயது. அதற்கு ஆறு வருடம் முன்னால், அம்மாவின் அக்கா பூவாத்தாள் பெரியம்மா நாற்பத்து மூன்றில் போனாள். இருவருக்கும் ஒரே மாதிரிதான். வயிறு உப்புசம், இரண்டு வாய் சாப்பிட்டால் நிறைந்துவிடும். வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்தார்கள். ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றில் நீர் கோத்திருந்தது. சினைப்பையில் தொடங்கிய புற்று எல்லா இடத்துக்கும் போயிருந்தது.

அனுப்பிரியா உயிர்வேதியியலில் எம்.எஸ்ஸி. படித்தவள். ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பேருக்கு ஐம்பதுக்குள் அதே நோய் வந்தால் என்ன பொருள் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு வருடம் பரிசோதனைக்குப் போகாமல் இருந்தாள். போன வருடம்தான் கோயமுத்தூரில் ரத்தம் கொடுத்தாள். அம்மாவிடமிருந்து வந்த மாற்றம் அவளிடமும் இருந்தது.

மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். இந்த மாற்றம் உள்ள பெண்கள் நூறு பேரில் சுமார் நாற்பது பேருக்கு வாழ்நாளில் சினைப்பைப் புற்று வரலாம். மற்ற பெண்களில் அது ஒன்றோ ஒன்றரையோதான். முன்கூட்டியே கண்டுபிடிக்க நம்பத்தகுந்த ஸ்கேன் எதுவும் இல்லை. குழந்தை பெற்றபிறகு, முப்பத்தைந்திலிருந்து நாற்பதுக்குள் சினைப்பைகளை எடுத்துவிடுவதுதான் உறுதியான வழி. அதுவரை கர்ப்பத்தடை மாத்திரை. ஐந்து வருடம்போல விடாமல் எடுத்தவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது. மார்பகத்துக்கு அது கொஞ்சம் கூடுதல் ஆபத்தா இல்லையா என்பதில் இன்னும் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை, அதனால் வருடா வருடம் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டே வர வேண்டும் என்றார். வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருப்பது நல்லது என்றும் சொன்னார்.

மாதா மாதம் முட்டை வெளியேறும்போது சினைப்பை கிழிந்து மூடுகிறது. மாத்திரை அந்த வேலைக்கு ஓய்வு கொடுக்கிறது. காரணமாகச் சொல்லப்படுவதில் இதுவும் ஒன்று. அனுப்பிரியாவுக்கு இது ஒரே நிமிடத்தில் புரிந்தது. மற்றவர்களுக்குப் புரிய எவ்வளவு நாள் ஆகும் என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

முதல் மூன்று அட்டைகளை மருத்துவமனையிலேயே வாங்கி வந்தாள். ஒவ்வொரு தடவையும் கோயமுத்தூர் போக ஒரு நாள் லீவு வேண்டும். சீசன் நேரத்தில் சாயப்பட்டறையில் லீவு கேட்பதைவிட வேலையை விட்டுவிடுவது எளிது. ஆன்லைனில் வாங்கினால் பார்சல் கீழே கட்டிங் மேசைக்கு வரும். அங்கே யார் பெயருக்கு வந்தாலும் கத்தரிக்கோலைக் கையில் வைத்திருப்பவர் பிரித்துவிடுவது வழக்கம். இதற்கெல்லாம் மேலாக, அதை ஒளித்து வாங்க வேண்டிய பொருளாக அவள் நினைக்கவில்லை. அங்கேதான் தப்புச் செய்தாள்.

கையில் ஒன்பது மாத்திரைகள் மீதி இருந்தன.

காளியாத்தாள் அத்தை மறுநாள் காலை பொங்கலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். அப்பாவின் அக்கா. அம்மா போனதிலிருந்து வாரம் ஒருமுறை வந்து வீட்டை ஒழுங்கு செய்துவிட்டுப் போவாள். வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் அனுப்பிரியாவை அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

“ஏங்கண்ணு, அந்த மாத்திரை எதுக்குன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சயா?”

அனுப்பிரியா ரிப்போர்ட்டை எடுத்து வந்தாள். முதல் பக்கத்திலிருந்து சொன்னாள். அம்மாவின் பெயரைச் சொன்னாள், பெரியம்மாவின் பெயரைச் சொன்னாள். நூற்றுக்கு நாற்பது என்று சொன்னாள். அத்தை குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டாள். கேட்டு முடித்ததும், ஒரு பெரிய கணக்கை எளிதாகத் தீர்க்கப்போகிறவளைப்போல முகத்தை வைத்துக்கொண்டாள்.

“உங்கம்மா எந்தக் கூட்டம்?”

அனுப்பிரியா சொன்னாள்.

“நீ எந்தக் கூட்டம்?”

அதையும் சொன்னாள்.

“அப்பறம் அந்தக் கூட்டத்து நோவு நம்ம கூட்டத்துப் புள்ளைக்கு எப்படி சாமி வரும்?”

கூட்டம் என்பது குலம். பிள்ளைகள் அப்பாவின் கூட்டம். ஒரே கூட்டத்துக்குள் பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. ஒரு கூட்டத்துக்கு ஒரு குலதெய்வம். வயல், கோயில் உரிமை, சீர், முறை எல்லாம் அப்பா வழியில் வருகின்றன. அப்படியிருக்க நோய் மட்டும் ஏன் அம்மா வழியில் வரும்? அத்தையின் கேள்வி அந்த அளவில் சரியாகத்தான் இருந்தது. அம்மாவின் சாவும் பெரியம்மாவின் சாவும் அம்மா பிறந்த கூட்டத்தின் பேரில் எழுதி மூடப்பட்டிருந்தன.

“பாதி அப்பாகிட்ட இருந்து வரும், பாதி அம்மாகிட்ட இருந்து வருமுங்க அத்தே. கூட்டம் பாத்து வராதுங்க.”

“நாங்க சொல்றது கெடக்கட்டும். சேவூர்ல இருந்து சாதகம் வந்திருக்குது. இந்த மாத்திரை அவிங்க காதுக்குப் போச்சுன்னா என்னன்னு சொல்லுவ? கல்யாணம் ஆகட்டும். அப்பறம் மாப்பிள்ளகிட்டக் கேட்டுட்டுப் போட்டுக்க.”

அறை வாசலில் அப்பா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. அனுப்பிரியா அவரிடம் ரிப்போர்ட்டை நீட்டினாள். வாங்கவில்லை.

“நீ என்ற புள்ள” என்றார், தன் பிள்ளை என்பதை அழுத்தி. அதோடு கீழே இறங்கிப் போய்விட்டார்.

அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. சென்ற மாதம் அவருக்கு வந்த துணியில் நிறம் சற்று மாறியிருந்தது. அவள் லேபில் பார்த்துவிட்டு, சாயம் புள்ளி மூன்று சதவீதம் தள்ளியிருக்கிறது என்று போனில் சொன்னாள். புள்ளி மூன்று. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். அப்பா மறுபேச்சு பேசாமல் அத்தனை ரோலையும் திருப்பி அனுப்பினார். மகள் சொன்னால் சரியாக இருக்கும் என்று கான்ட்ராக்டரிடம் பெருமையாகச் சொன்னார். துணியைப் பற்றி அவள் சொன்ன புள்ளி மூன்றை நம்பியவர், தன் உடம்பைப் பற்றி அவள் சொன்ன நாற்பதை நம்பவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேல்விழியிடம் சொன்னாள். வேல்விழி அப்பாவின் யூனிட்டில் ஓவர்லாக் டைலர். ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், பன்னிரண்டு வருடமாகத் திருப்பூர். இரண்டு பிள்ளைகள். தண்ணீர் பிடிக்க மாடிக்கு வரும்போது பத்து நிமிடம் பேசிவிட்டுப் போவாள். அனுப்பிரியாவிடம் வேறு யாரும் பத்து நிமிடம் பேசுவதில்லை.

வேல்விழியும் அதே மாத்திரையைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். அரசாங்க நர்ஸ் மாதா மாதம் வீட்டுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போகிறாராம்.

“எனக்கு வீடு தேடி வருது. படிச்ச புள்ளைக்குக் கடையில இல்லேங்கான்” என்றாள். “வேணும்னா என்னதுல பாதிய எடுத்துக்கிடுங்க. பெறவு பத்து மாசம் கழிச்சு, பொறக்கதுக்கு ஒங்க பேரையே வைக்கேன்.”

அனுப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்த வாரத்தில் முதல்முறையாக.

நர்ஸிடம் தன் பெயரைச் சொல்லலாமா என்று கேட்டாள். கல்யாணம் ஆனவர்கள் பட்டியல்தான் நர்ஸிடம் இருக்கிறது, பேரைச் சேர்க்கப் போனால் ஊருக்கே தெரியும் என்றாள் வேல்விழி. குடத்தை இடுப்பில் வைத்தபடி கொஞ்சம் யோசித்தாள்.

“கோயிலுக்குன்னு கேளுங்க. சாமிக்குன்னா வெசத்தைக்கூடப் பொட்டலம் கட்டித் தருவாரு அந்த அண்ணாச்சி.”

“அது பொய்யில்லீங்களா?”

“பொய்தான். உண்மையச் சொல்லி என்ன கெடச்சுது?”

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பொய் தானாகவே தேடி வந்தது. அப்போது ஐந்து மாத்திரைகள் மீதி.

காங்கேயம் பக்கத்தில் குலதெய்வக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். அப்பா திருப்பணிக் கமிட்டியில் இருந்தார். அன்றைக்குக் காப்புக் கட்டினால், அதன்பின் நாற்பத்தெட்டு நாள் மண்டல பூஜை முடியும்வரை வீடு சுத்தமாக இருக்க வேண்டும். தினமும் விளக்கு வைத்து, காப்புக் கட்டியவருக்குச் சமைத்துப் போட வேண்டும். கும்பாபிஷேகத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. அத்தை அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருந்தாள்.

“ஊட்ல பொம்பளன்னு நீ ஒருத்திதான். நடுவுல ஊட்டுக்குத் தூரமாயிட்டீன்னா வெளக்கு ஆரு வெப்பாங்க? பெருமாள்சாமிகிட்ட அந்தக் கோயில் மாத்திரைய வாங்கிட்டு வந்தர்றேன். நாப்பத்தெட்டு நாளைக்கும் போட்டுக்க.”

நான்கு நாளுக்கு முன்னால் ஒரு மாத்திரைக்காகக் குடும்ப மானம் போய்விடும் என்று பயந்தவள் இப்போது நாளைக்கு மூன்று வீதம் நாற்பத்தெட்டு நாளைக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அதுவும் ஹார்மோன்தான். அவளுக்கு வேண்டிய மாத்திரை அல்ல, அவளுடைய ஆபத்துக்கு அதை யாரும் எழுதிக் கொடுக்கவும் இல்லை. ஆனால் அதற்குப் பெயர் கோயில் மாத்திரை.

“அதை அத்தன நாள் சும்மா வாங்கிப் போடக் கூடாதுங்க அத்தே” என்று அனுப்பிரியா தொடங்கினாள். தொடங்கியது அவ்வளவுதான். அடுத்தது தானாக வந்தது. “கோயமுத்தூர் டாக்டரம்மா எழுதிக் குடுத்ததே இருக்குதுங்க. அதை நடுவுல விடாமப் போட்டாலும் தூரமாகாதுங்க.”

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மாத்திரையை இடைவெளி விடாமல் தொடர்ந்தால் மாதவிடாய் வராது. மருத்துவரிடமும் கேட்டிருக்கிறாள், தவறில்லை என்றிருக்கிறார். ஆனாலும் சொல்லும்போது அவள் காது சுட்டது.

அத்தை யோசித்தாள். “அந்த மாத்திரை கோயிலுக்கு ஆகுமா?”

“ஆகுமுங்க.”

அத்தை அங்கேயே உட்கார்ந்து பெருமாள்சாமிக்குப் போன் போட்டாள். புள்ள வருவாள், கும்பாபிஷேகத்துக்கு மாத்திரை கேட்பாள், கொடுத்துவிடுங்கள் என்றாள். அப்பா கூடத்தில் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் கேட்டது. பக்கத்தைத் திருப்பினார்.

பெருமாள்சாமி இந்த முறை சீட்டை வாங்கிப் படிக்கவே இல்லை, அவள் சொன்ன பெயரை மட்டும் கேட்டுக்கொண்டார். மூன்று அட்டை, அட்டைக்கு இருபத்தொன்று. பழைய செய்தித்தாளில் சுற்றி, ரப்பர் போட்டு, கறுப்புப் பைக்குள் வைத்துக் கொடுத்தார். “நல்லபடியா நடக்கட்டும் கண்ணு. பிரசாதம் கொண்டா” என்றார்.

அவளுக்கு மகிழ்ச்சி வர வேண்டும். வரவில்லை. அதே மாத்திரை, அதே வாய், அதே கடை. அவள் செத்துப்போகாமல் இருப்பதற்கு என்றால் கிடைக்காது. அப்பாவின் காப்புக்குத் தீட்டு வராமல் இருப்பதற்கு என்றால் மூன்று அட்டை. வண்டியில் வரும்போது கண்ணாடியைப் பார்த்துச் சத்தமாகத் திட்டினாள். யாரைத் திட்டுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

கும்பாபிஷேகம் நல்லபடியாக நடந்தது. கலசத்தில் ஊற்றிய தண்ணீரைக் கூட்டத்தின் மேல் தெளித்தார்கள். கூட்டத்தார் எல்லாம் வந்திருந்தார்கள். எல்லோரும் அப்பாவுக்கு முறையில் பங்காளிகள். அம்மா வழியில் ஒருவரும் அங்கே இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அம்மாவின் பாதி, மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு வரிசையில் நின்றிருந்தது அனுப்பிரியாவுக்கு மட்டும்தான் தெரியும்.

அதன்பின் நாற்பத்தெட்டு நாள். காலையில் குளித்து விளக்கு வைப்பாள். வைத்துவிட்டு ஒரு மாத்திரை போடுவாள். அத்தை வரும்போதெல்லாம் மறக்காமல் போட்டாயா என்று கேட்பாள். ஒருநாள் தண்ணீர் டம்ளரையே கையில் கொண்டுவந்து கொடுத்தாள். வேல்விழிக்கு அதைச் சொன்னபோது, “எம் மாமியா எனக்கு ஒருநாளு இப்படித் தண்ணி மோந்து தரலியே” என்றாள்.

லேபில் ஒருநாள் சும்மா இருந்தபோது கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தாள். ஐந்து வருடத்தில் நாற்பத்தெட்டு நாள் என்பது இரண்டு புள்ளி ஆறு சதவீதம். பருத்தியில் அந்தச் சதவீதம் சாயம் போட்டால் நல்ல அடர்ந்த நீலம் கிடைக்கும். அவளுக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு அட்டவணை இல்லை.

அப்பாவிடம் நேராகப் பேச இரண்டு முறை முயன்றாள். ஒருமுறை பம்பாய் ஆர்டர் என்று எழுந்து போனார். இன்னொருமுறை காப்புக் கட்டிய கையோடு இதையெல்லாம் பேசக் கூடாது என்றார். அதனால் எழுதினாள். பேச முடியாதவற்றை அவள் எழுதிவிடுவாள். இரண்டு பக்கம், தமிழில், பெரிய எழுத்தில். மாற்றம் என்றால் என்ன, அம்மாவிடமிருந்து எப்படி வந்தது, மாத்திரை என்ன செய்யும், என்ன செய்யாது, எத்தனை வருடம். மாத்திரையின் பெயரை அடிக்கோடிட்டாள். தாளை மடித்து அவருடைய மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் வைத்தாள்.

மறுநாள் தாள் அங்கே இல்லை. குப்பைக்கூடையைக் கிளறிப் பார்த்தாள். அங்கேயும் இல்லை. ஒருவாரம் காத்திருந்தாள். பிறகு காத்திருப்பதை விட்டாள்.

நாற்பத்தெட்டாம் நாள் மண்டல பூஜை முடிந்து அப்பா காப்பை அவிழ்த்தார். அத்தை சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். சாமி குறையில்லாமல் நடத்திக் கொடுத்துவிட்டது, இனி அந்த மாத்திரை வேண்டாம், உடம்புக்குச் சூடு என்றாள். சேவூர்க்காரர்கள் அடுத்த மாதம் பார்க்க வருகிறார்கள் என்றும் சொன்னாள். வருகிறவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போவதாக அனுப்பிரியா சொன்னாள். அத்தை கேட்காததுபோலப் பாத்திரத்தை ஒழித்துப் போட்டாள்.

பத்து மாத்திரைகள் மீதி இருந்தன.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம், அப்பா மாடிக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“அடுத்த மாசம் மாரியாத்தா நோம்பி வருதல்ல. அதுக்கப்பறம் ஏதாவது ஒண்ணு வரும். நம்மூர்ல கோயிலுக்கா பஞ்சம்? தீரத் தீரச் சொல்லு கண்ணு.”

அவள் பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தாள். உள்ளே இரண்டு அட்டை. அட்டைக்குப் பத்து. பழனிக்குப் போன பெண் வாங்கிய அதே மாத்திரை.

கோயிலுக்கு என்று கேட்டிருக்கிறார். கோயிலுக்கு உள்ளதைப் பெருமாள்சாமி கொடுத்திருக்கிறார். மாத்திரையின் பெயரை அப்பா சொல்லவே இல்லை.

“இது இல்லீங்கப்பா.”

“கோயில் மாத்திரைதானே?”

“நான் போடறது கோயில் மாத்திரை இல்லீங்க.” அவள் குரல் அவள் நினைத்ததைவிடப் பலமாக வந்தது. கீழே ஒரு மெஷின் நின்றது. “உங்களுக்குத் தெரியுமுங்க. தெரிஞ்சுதான் வாங்கிட்டு வந்திருக்கீங்க. வாய் விட்டுச் சொல்லாததுனால தப்பு மாத்திரையக் குடுத்திருக்காங்க. பேரு அந்தத் தாள்லயே எழுதியிருந்தேன்.”

மகுடேஸ்வரன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அந்த நோவு உங்கம்மா கூட்டத்தோட போயிரும்னு நெனச்சேன்” என்றார். பிறகு, “நெனச்சுக்கிட்டேன்” என்று திருத்தினார்.

அவள் அழவில்லை. கோபம் இன்னும் மிச்சம் இருந்தது. வண்டிச் சாவியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“கடை தொறந்திருக்குமுங்க. வாங்க.”

கடையில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். மூன்று மணியாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்பா வண்டியை நிறுத்திவிட்டு அவளுக்குப் பின்னால் வந்தார். அனுப்பிரியா அந்த இரண்டு அட்டைகளையும் கண்ணாடி மேசையில் வைத்தாள். சீட்டையும் பிரித்து வைத்தாள்.

“இது வேண்டாமுங்ணா. இதுல எழுதியிருக்கறதக் குடுங்க.”

பெருமாள்சாமி இந்த முறை சீட்டைப் படித்தார். படித்துவிட்டு அவளைத் தாண்டி அப்பாவைப் பார்த்தார். “கும்பாபிஷேகம்தான் முடிஞ்சுதுங்களே மாமா?” என்றார்.

“கோயிலுக்கு இல்லீங்க” என்றாள் அனுப்பிரியா. “எங்கம்மாவுக்கு வந்த கேன்சர் எனக்கு வராம இருக்கறதுக்கு.”

பக்கத்தில் நின்ற அம்மாள் இருமல் மருந்து பாட்டிலோடு திரும்பிப் பார்த்தாள். அனுப்பிரியா தலையைத் திருப்பவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு மாதமாக வராத வாக்கியம் வந்துவிட்டது. ஆனால் பெருமாள்சாமி இன்னும் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்படீங்களா மாமா?”

மகுடேஸ்வரன் மேசையருகே வந்தார். வலது கை சட்டைப் பைக்குப் போனது. ஒரு தாளை எடுத்தார். மடிப்பெல்லாம் நைந்து துணிபோல ஆகியிருந்த தாள். பெரிய எழுத்து, அடிக்கோடு. அதைப் பெருமாள்சாமியிடம் நீட்டினார்.

“படிச்சுப் பாருங்க” என்றார்.

அந்தத் தாள் பையில் இருக்கும்போதே, இதே இடத்தில் நின்று, கோயிலுக்கு என்று கேட்டு வாங்கி வந்திருக்கிறார். அனுப்பிரியா அதை நினைத்துக்கொண்டு நின்றாள். என்ன செய்வது இந்த மனிதரை.

பெருமாள்சாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பக்கத்தையும் படித்தார். நின்றவர்கள் காத்திருந்தார்கள். ஓரிடத்தில் நிறுத்தி, “பூவாத்தாக்காவுக்கும் இதுதானுங்களா?” என்று கேட்டார். அப்பா தலையசைத்தார். படித்து முடித்துத் தாளை அதே மடிப்பில் மடித்துத் திருப்பிக் கொடுத்தார். உள்ளே போய் அட்டையை எடுத்து வந்தார். ஒன்றுதான்.

“அடுத்த மாசமும் அப்பாவக் கூட்டிட்டு வந்துரு கண்ணு” என்றார். குரல் மிகவும் கனிவாக இருந்தது.

செய்தித்தாளை இழுத்துச் சுற்றத் தொடங்கினார். அனுப்பிரியா கையை நீட்டி அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டாள். செய்தித்தாள் அவர் கையிலேயே இருந்தது.

வண்டிக்கு வந்ததும் அப்பா அவள் கையைப் பார்த்தார். பைக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னார். அவள் வைக்கவில்லை.

“எத்தன மாசம் வரோணும்?”

“அஞ்சு வருசம்னு எழுதியிருக்கேனுங்க.”

“சரி. வர்றேன்” என்றார் மகுடேஸ்வரன். பெரிய பொறுப்பை ஏற்றுக்கொண்டவரைப்போல வண்டியைக் கிளப்பினார்.

நீங்கள் வர வேண்டியதில்லை, நான் தனியாக வந்து கேட்டாலே கொடுக்க வேண்டும். அதைத்தான் அவள் சொல்ல நினைத்தாள். வழக்கம்போல வண்டி நகர்ந்தபிறகுதான் அந்த வாக்கியம் முழுதாக வந்தது. முன்னால் உட்கார்ந்திருந்தவரின் காதருகே குனிந்து அதைச் சொன்னாள். காற்றில் கேட்டதோ இல்லையோ தெரியவில்லை. அடுத்த திருப்பத்தில் இன்னொரு முறை, இன்னும் சத்தமாகச் சொன்னாள்.